புட்டியில் பிறந்த ஜாதி

மரபணுப் பொறியியலைப் பற்றி எங்கே பேச்செழுந்தாலும் அங்கே ஓர் ஆங்கில நாவலின் பெயரும் தவறாமல் எழக் காண்கிறோம். ஆல்டஸ் ஹக்ஸ்லி என்னும் ஆங்கில ஆசிரியர் 1932-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பிரேவ் நியூ வோர்ல்ட்' என்பதே அந்நாவல். "உயிரின் மூலத்திலே கைவைத்தால் உலகம் அக்கதையில் உள்ளபடியே ஆகிவிடும்" என்று அஞ்சுவோர் கூறுகின்றனர். "அது வெறுங்கதை; கதையைக் காட்டி விஞ்ஞானத்தை மறிக்கலாமா?" என்று ஆதரிப்போர் கேட்கின்றனர். இவ்விரு சாராரும் நூலை வாசித்துவிட்டுத்தான் பேசுகிறார்களா என்பது நமக்குள்ள ஐயம். ஏனெனில் அதை முதலிலிருந்து முடிவு வரை வாசிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. அந்நூலில் ஓரிடத்திலேனும் மரபணு திருத்தப்படவில்லை. மனிதர் அங்கே தாழ்ந்தோராக ஆக்கப்படுவது வேறொரு வழியால். அவ்வழி தோட்டத்திலே பிறந்து வளர்ந்த தமிழர்க்குப் புதியதன்று. அதை எடுத்துக்காட்டுவதும், நூலின் குறை நிறைகளை எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நூலின் பெயர் ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்பெயரைத் 'துணிவுள்ள புத்துலகம்' என்று பெயர்த்தல் பிழையாம். அந்நாடகத்தில் அச்சொல்லுக்கு எழில் மிக்கது, சிறப்பு மிக்கது என்பதே பொருள். 'எழில்மிகு புத்துலகம்' என்று கேலிக்குரலில் சொன்னால் ஆசிரியர் கருத்துக்கு அண்மையாகும்.

கதை லண்டன் மாநகரில், ஃபோர்டு சகாப்தம் 632-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மோட்டார் வண்டிகளை வரிசைமுறையில் செய்து குவித்த அமெரிக்க முதலாளி ஹென்றி ஃபோர்டுதான் அவ்வுலகத்தாரின் தெய்வம். அங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை. குழந்தைகள் தொழிற்சாலையிலே புட்டிகளில் கருவாகி, புட்டிகளில் வளர்ந்து, நாள் நிரம்பியதும் வெளியே எடுக்கப்படுகின்றனர். ஒரே முட்டையிலிருந்து 96 பிள்ளைகள் வரை, ஒருவர் முகம் போலவே மற்றவர் முகமாக, பிறப்பிக்கும் வித்தையும் அங்கே உண்டு. பிறக்குமுன்னரே அவர்கள் ஐந்து ஜாதிகளாக வகுக்கப்படுகின்றனர். ஆளவும் ஆராயவும் ஆல்ஃபா. அடுத்த தட்டில் பீட்டா. அதன் கீழே காமா, டெல்டா. எல்லார்க்கும் அடியில், சிந்தனையே வேண்டாத வேலைகளுக்கென்று எப்ஸிலான். உடையின் நிறத்தைக் கொண்டே ஒருவர் ஜாதியை அறியலாம். டெல்டாவுக்குக் காக்கி, எப்ஸிலானுக்குக் கறுப்பு. 'ஜாதி' என்னும் சொல்லை நாம் வலிந்து ஏற்றியதாக எவரும் எண்ண வேண்டா. ஆசிரியரே அப்பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை நூல் முழுதும் ஆள்கிறார்.

நிற்க. மரபணுப் பொறியியல் என்பது யாது என்று சுருக்கமாகவேனும் அறிந்துகொண்டாலன்றி இந்நூலை நேர்மையாக மதிப்பிட இயலாது.

உயிர்ப்பொருள் ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலனாகாத உயிரணுக்களால் ஆனது. அவ்வணுக்களுக்குள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. நான்கே எழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்ட ஏடு போன்றது அது. அந்த ஏட்டிலே ஒரு காரியத்திற்கான கட்டளை எழுதப்பட்ட பகுதியை மரபணு என்கிறோம். அவ்விழை முறுக்கிய ஏணி வடிவினது என்பதை 1953-இல் வாட்ஸனும் கிரிக்கும் வெளியிட்டனர். ரோஸலிண்ட் ஃபிராங்ளின் அம்மையாரின் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சி அதற்குப் பெருந்துணையாயிற்று. ஓர் உயிரின் மரபணுவை வெட்டியெடுத்து மற்றோர் உயிரில் ஒட்டுவதும், உள்ள இடத்திலேயே எழுத்தை மாற்றுவதும் மரபணுப் பொறியியல் எனப்படும். 1973-இல் கோஹன், போயர் என்னும் இரு அமெரிக்கர் நுண்ணுயிர் ஒன்றில் வேற்றுயிரின் மரபணுவை ஒட்டிப் பெருகச் செய்தனர். 2012-இல் டவுட்னா, ஷார்பான்டியே என்னும் இரு பெண்மணிகள் 'கிரிஸ்பர்' என்னும் கருவியை வெளியிட்டனர். வேண்டிய இடத்தைத் தேடிச் சென்று வெட்டும் கத்தரிக்கோல் என்று அதனைச் சொல்லலாம். 2020-இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹக்ஸ்லி எழுதியதோ, ஏணி வடிவம் தெரிவதற்கும் 21 ஆண்டுகளுக்கு முன்னர். ஆகவே மரபணுவைத் திருத்தும் காட்சியை அவர் நூலில் தேடுவது வீண்.

பிறப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதற்கு நம் கண்முன் நிற்கும் செம்பனையே சான்று. கொட்டையின் ஓடு தடித்திருப்பது 'டுரா' இனம். ஓடே இல்லாதது 'பிஸிபெரா'. இவ்விரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடுடைய 'டெனெரா' பிறக்கிறது. சதை மிகுதி, எண்ணெயும் மிகுதி. பெல்ஜியக் காங்கோவில் ஆராய்ந்த இருவர் 1941-இல் இவ்விதியைக் கண்டு வெளியிட்டனர். இன்று தோட்டந்தோறும் நிற்பது இக்கலப்பினமே. ஓட்டின் தடிப்பை ஆளும் மரபணு எது என்பதை மலேசியச் செம்பனை வாரியத்தாரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2013-இல் கண்டறிந்தனர். இதுவரை பிறப்பின் வெற்றி.

ஆனால் கதை இதனோடு முடியவில்லை. மிகச் சிறந்த மரமொன்றின் திசுவை எடுத்து, அச்சொட்டாக அதே மரபணு ஏடுள்ள கன்றுகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தார்கள். ஹக்ஸ்லியின் 96 இரட்டையர் போன்றவை அவை. எல்லாம் தாய் மரம் போலவே காய்க்கும் என்று எதிர்பார்த்தார்கள். சில கன்றுகள் வளர்ந்து, எண்ணெய் தராத கோணற் பழங்களை ஈன்றன. காரணம் 2015-இல்தான் விளங்கிற்று. ஏட்டின் எழுத்து ஒன்றும் மாறவில்லை. எழுத்தின்மேல் இட்டிருந்த இரசாயனக் குறியொன்று வளர்ப்பின்போது அழிந்து போயிருந்தது. மரத்திலேயே பிறப்பு மட்டும் பலனை முடிவு செய்யவில்லை என்றால், மனிதரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வறிவோடு ஹக்ஸ்லியின் தொழிற்சாலைக்குள் நுழைவோம். எப்ஸிலான் எப்படி உண்டாக்கப்படுகிறான்? புட்டிக்குள் ஓடும் இரத்தத்திற்குப் பிராணவாயு குறைத்துக் கொடுக்கப்படுகிறது. ஜாதி தாழத் தாழப் பிராணவாயுவும் தாழ்கிறது. முதலில் பாதிக்கப்படுவது மூளை, அடுத்தது எலும்பு. இதைக் கேட்ட மாணவன் ஒருவன் காரணம் புரியாமல் விழிக்கிறான். எப்ஸிலான் கருவுக்கு எப்ஸிலான் பரம்பரை இருந்தால் மட்டும் போதாது, எப்ஸிலான் சூழ்நிலையும் வேண்டும் என்று இயக்குநர் அவனைக் கடிந்துகொள்கிறார். நூலின் திறவுகோல் இதுவே என்பது நமது துணிபு. பிறப்பாலேயே ஒருவன் தாழ்ந்தவன் என்பது மெய்யானால், அவன் மூச்சைக் குறைக்க வேண்டிய அவசியம் என்ன? குறைக்காவிட்டால் அவன் மற்றவரைப் போல் நிமிர்ந்துவிடுவான் என்ற அச்சமே காரணம். தாழ்ந்த ஜாதி என்பது பிறப்பது அன்று. கொடுக்க வேண்டியதைக் கொடாமல் ஆக்கப்படுவது. ஜாதியைக் கடவுள் வகுத்தார் என்பாரும், இரத்தம் வகுத்தது என்பாரும் அறியாத இவ்வுண்மையை, ஜாதியை உற்பத்தி செய்யும் அதிகாரி நன்கறிந்திருக்கிறார்.

வெப்ப நாடுகளில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைக்க வேண்டிய கருக்களுக்கு வேறொரு பயிற்சி. குளிர்ந்த இடங்களில் அவற்றிற்குத் துன்பம் தந்து, வெப்பமே சுகம் என்று பழக்கிவிடுகிறார்கள். தனக்கு விதிக்கப்பட்டதை விரும்பச் செய்வதே இன்பத்தின் இரகசியம் என்பது அவர்கள் சித்தாந்தம். இப்பகுதியை வாசிக்கையில் மலாயாத் தோட்ட வரலாறு அறிந்தோர்க்கு நெஞ்சு துணுக்குறாமல் இராது. 'தென்னிந்தியத் தொழிலாளி பணிவுள்ளவன், எளிதில் அடங்குபவன், ஆகவே தோட்டத்திற்கு ஏற்றவன்' என்பது அக்காலத்துத் துரைமாரின் வாய்ப்பாடு அன்றோ? ஹக்ஸ்லி 1925, 1926-ஆம் ஆண்டுகளில் இந்தியாவையும் மலாயாவையும் சுற்றிப் பார்த்துப் பயண நூல் எழுதியவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அப்பயணத்தில் கண்டதையே நாவலில் வரைந்தார் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. சொல்லாமலே பொருந்துகிறது என்பதே வியப்பு.

குழந்தைகள் புட்டியை விட்டு வெளிவந்த பின்னரும் வேலை தொடர்கிறது. எட்டு மாதம் நிரம்பிய டெல்டாக் குழந்தைகள் முன் வண்ணப் படப்புத்தகங்களும் ரோஜா மலர்களும் வைக்கப்படுகின்றன. அவை ஆசையோடு தவழ்ந்து வந்து தொட்டவுடன் செவி பிளக்கும் ஓசையும் மின்சார அதிர்ச்சியும் தரப்படுகின்றன. இப்பாடம் 200 முறை நடந்தபின், புத்தகம் என்றாலே அவை அலறும். தாழ்ந்த ஜாதியார் வாசித்து நேரத்தை வீணாக்கலாகாது; வேண்டாத ஒன்றை வாசித்துவிடவும் கூடாது. நமது தோட்டங்களில் மின்சார அதிர்ச்சி தேவைப்படவில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் விதித்தது. ஆனால் பள்ளி என்ற பெயரால் பல தோட்டங்களில் நின்றது ஒரு கொட்டகையே. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் பாடம் சொன்ன இடங்களும் இருந்தன. அப்பள்ளியில் படித்தவன் மேலே படிக்க வழியில்லை, பால்மரத்தடிக்கே திரும்பினான். பிறகு அவனைக் காட்டி, "இவனுக்குப் படிப்பு ஏறாது, இரத்தத்திலேயே இல்லை" என்றார்கள். பிராணவாயுவைக் குறைத்தவரே மூளை குறைவென்று சான்றிதழும் எழுதினார் என்க.

நூலில் நம் மனத்தைத் தொட்ட இடம் ஒன்றுண்டு. மின்தூக்கியை இயக்கும் எப்ஸிலான் ஒருவன், நாள் முழுதும் இருட்டில் ஏறி இறங்குபவன், மேல்மாடியை அடைந்து கதவைத் திறக்கிறான். பிற்பகல் வெயில் அவன்மேல் விழுகிறது. திகைத்து, கண்சிமிட்டி, ஆனந்தம் பொங்க அத்தளத்தின் பெயரை மீண்டும் சொல்கிறான். உடனே மணியொலிக்கிறது, கீழே போகக் கட்டளை பிறக்கிறது, கதவு மூடுகிறது. அரைப்பக்கமும் இல்லாத காட்சி. புட்டியும், அதிர்ச்சியும், தூக்கத்தில் ஓதிய பாடமும் சேர்ந்தும் கொன்றுவிட முடியாத ஏதோ ஒன்று அவனிடம் மிஞ்சியிருக்கிறது என்பதை ஆசிரியர் இங்கே நமக்குக் காட்டிவிடுகிறார்.

காட்டிவிட்டு, அவர் அவனை மறந்துவிடுகிறார். இதுவே நூலின் பெருங்குறை. நாவல் முழுதும் அதிருப்தி அடைவோர், வாதிடுவோர், எதிர்த்து நிற்போர் யாவரும் மேற்சாதியாரே. அல்லது வெளியிலிருந்து வந்த ஜான் என்னும் இளைஞன். அவன் ஷேக்ஸ்பியரை மனப்பாடம் செய்தவன். டெல்டாத் தொழிலாளர்க்கு வேலை முடிந்ததும் 'சோமா' என்னும் மயக்க மாத்திரை பங்கிடுகிறார்கள். ஜான் அதைச் சன்னல் வழியே வாரியெறிந்து, 'விடுதலை பெறுங்கள்' என்ற கருத்துப்படக் கூவுகிறான். அத்தொழிலாளர்களோ அவன்மேலேயே பாய்கிறார்கள். தாழ்த்தப்பட்டவன் தன் மயக்கத்தைத் தானே வெறுப்பான் என்பதை ஹக்ஸ்லியால் கற்பனை செய்யவும் முடியவில்லை.

கற்பனைக்கு எட்டாதது மெய்யாகவே நடந்தது. நாவல் வெளிவந்த ஒன்பதாம் ஆண்டில், 1941-இல், சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டவை யாவை? கூலி உயர்வு கேட்டனர்; அது வியப்பன்று. தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லிக் கேட்டனர். துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை கேட்டனர். அதாவது புத்தகத்தைக் கேட்டார்கள். சோமாவைத் தாங்களே எறிந்தார்கள். மேல்மாடி வெயிலில் நிற்கும் உரிமையைக் கேட்டார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அவர்களுக்கு ஷேக்ஸ்பியரைச் சொல்லிக் கொடுத்தவர் எவருமில்லை. எப்ஸிலானுக்கு உள்ளம் இல்லை என்று எண்ணிய நாவலாசிரியர்க்கு இதைவிடத் தெளிந்த மறுப்புரை வேறு வேண்டுமோ?

இன்னொரு குறையும் உண்டு. உலகை ஆளும் முஸ்தபா மாண்ட் ஒரு பரிசோதனையைக் கூறுகிறார். சைப்ரஸ் தீவில் 22,000 ஆல்ஃபாக்களை மட்டும் குடியேற்றினார்களாம். இழிவான வேலையை எவரும் ஏற்காமல் ஆறாண்டுக்குள் உள்நாட்டுப் போர் மூண்டு, 19,000 பேர் மாண்டார்களாம். ஆகவே கீழ்ச்சாதி இன்றிச் சமுதாயம் நடவாது என்பது அவர் முடிபு. இது வருணாசிரமத்தார் வாதத்திற்கு விஞ்ஞான அங்கி போர்த்தியதே அன்றி வேறன்று. வேலை இழிவானதன்று, இழிவாக்கிவைத்த கூலியும் மரியாதையின்மையுமே இழிவு என்று அவரிடம் திருப்பிச் சொல்ல அந்நூலில் ஆளில்லை. ஜானுக்குத் தெரிந்த மாற்று வழி, தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொள்வதும் தூக்கிட்டு மாள்வதுமே. பைத்தியக்கார நாகரிகம், காட்டு வாழ்வு என்னும் இரண்டை மட்டுமே ஜான் முன் வைத்தது குறையென்று ஹக்ஸ்லியே 1946-இல் எழுதிய முன்னுரையில் ஒப்புக்கொண்டார். அந்நேர்மையைப் போற்றுகிறோம்.

இனி, இந்நூலைக் கையிற்கொண்டு இன்றைய மரபணுப் பொறியியலை நோக்குவோம். அது செய்துள்ள நன்மை சிறிதன்று. முன்னே இன்சுலின் மருந்தைப் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1978-இல் மனித இன்சுலினைச் செய்யும்படி நுண்ணுயிரைத் திருத்தினார்கள். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. நீரிழிவு நம்மவரிடையே எவ்வளவு மிகுதி என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச் சோகை இந்நாட்டிலும் உண்டு. கடுமையாகக் கண்ட பிள்ளைகள் ஆயுள் முழுதும் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டே வாழ வேண்டும். அதற்கு, நோயாளியின் சொந்த எலும்பு மச்சை அணுக்களை எடுத்துக் கிரிஸ்பரால் திருத்தி மீண்டும் உடலில் செலுத்தும் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதித்தது. இவற்றையெல்லாம் 'இயற்கைக்கு விரோதம்' என்று ஒதுக்குவோர், நோயுற்ற பிள்ளையின் தாயிடம் சென்று அதைச் சொல்லட்டும்.

ஆனால் அச்சிகிச்சைக்கு அமெரிக்காவில் குறித்த விலை ஒருவர்க்கு 22 லட்சம் டாலர். புட்டியின் குழாய் யார் கையில் இருக்கிறது என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது. நோயைத் தீர்க்கும் மருந்து இருந்தும் எட்டாத பிள்ளைக்குப் பிராணவாயு குறைக்கப்பட்டதாகவே நாம் கொள்வோம்.

இரண்டாவது கேள்வி, யாரைக் கேட்டுச் செய்வது என்பது. 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எய்ட்ஸ் நோய்க்கிருமி தொற்றாதிருக்கச் செய்ததாக அவர் சொன்னார். நோயற்ற கருவில், பின்விளைவு தெரியாமல், வழிவழியாகத் தொடரக்கூடிய மாற்றத்தைச் செய்தது உலகெங்கும் கண்டனத்திற்குள்ளாயிற்று. 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. நம் நாட்டிலும் 2010 டிசம்பரில் பகாங் மாநிலத்துப் பெந்தோங் அருகே, டெங்கிக் காய்ச்சலை ஒடுக்கும் ஆராய்ச்சிக்காக, மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் சுமார் 6,000 விடப்பட்டன. விட்ட செய்தி அடுத்த மாதந்தான் வெளியாயிற்று. ஆண் கொசு கடிக்காது என்பது மெய். நோக்கம் நல்லதென்பதும் மெய். ஆயினும் செய்துவிட்டுச் சொல்லுதல் வேறு, சொல்லிவிட்டுச் செய்தல் வேறு.

ஆதலின் மரபணுப் பொறியியலைக் கண்டு ஹக்ஸ்லியின் பெயரால் அலறுவோரோடு நாம் சேரோம். விஞ்ஞானம் எதைச் செய்தாலும் கைதட்டுவோரோடும் சேரோம். 'பயன் யாருக்கு? விலை யார் கொடுப்பது? யாரைக் கேட்டுச் செய்கிறீர்கள்?' என்று கேட்கும் துணிவே இந்நூலிலிருந்து நாம் பெறத்தக்கது. இக்கேள்விகளைக் கேட்க மரபணு ஏட்டை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் அடிப்படை கல்வியே.

இறுதியாக ஒன்று. இன்று நமது தோட்டங்களில் காய் வெட்டுவோரில் பெரும்பாலார் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். "அவர்கள் இந்த வேலைக்கென்றே பிறந்தவர்கள்" என்று நம்மவர் சிலரே பேசக் கேட்கிறோம். நேற்று நம்மைக் குறித்துச் சொன்ன பொய்யை இன்று பிறரைக் குறித்து நாம் சொல்வது தகுமா? எப்ஸிலானாகப் பிறந்தவன் எந்நாட்டிலும் இல்லை. ஆக்கியவர்கள் இருக்கிறார்கள், ஆக்கும்போது பார்த்துக்கொண்டு வாளாவிருந்தவர்களும் இருக்கிறார்கள். இவ்விரண்டில் எதிலும் சேராதிருப்பதே பகுத்தறிவுடையார் கடன்.